முதலில் பூட்ஸ்

திருச்சுழி

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. ஐப்பசி பிறந்தும் குண்டாற்றில் இன்னும் தண்ணீர் வரவில்லை.

குல்மார்கில் இரண்டு வாரப் பயிற்சிக்கு உனக்கு இடம் கிடைத்ததை அக்கா போனில் சொன்னாள். "கரிசக்காட்டுப் பிள்ளைக்குப் பனியில என்ன வேலை?" என்று கேட்கிறவர்களுக்கு நீ பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். பனியே விழாத குடகில் பிறந்த பவானி தெக்கடா நஞ்சுண்டா, கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டில் கர்நாடகத்துக்காகக் கிராஸ்கன்ட்ரி ஸ்கீயிங்கில் தங்கம் வாங்கியிருக்கிறார். அந்தப் பெயரைச் சொன்னால் போதும்.

பயிற்சி முடிந்த பிறகு தடம் போடாத பனியில், காட்டு வழியாகவும் மேட்டு வெளியாகவும் போய்வர ஆசை என்று எழுதியிருக்கிறாய். அதற்கு வாங்கலாமா என்று ஒரு ஸ்கீயின் படமும் வைத்திருக்கிறாய். நீலமும் வெள்ளையுமாகப் பார்க்க அழகுதான். ஆனால் தாயி, நீ கடைசியில் வாங்க வேண்டியதை முதலில் பார்த்திருக்கிறாய். முதலில் பூட்ஸ், அடுத்து அதை ஸ்கீயோடு பிணைக்கிற பைண்டிங், எல்லாம் முடிந்த பிறகுதான் ஸ்கீ. பட்டாளத்தில் பனியோடு பழகியதையும் பிறகு படித்துத் தெரிந்ததையும் வைத்து அந்த வரிசைக்கான காரணத்தைச் சொல்கிறேன்.

அதற்கு முன் நீ போகப்போகிற இடத்தைத் தெளிவாக்கிக்கொள். குல்மார்க் என்றதும் எல்லோரும் கோண்டோலா என்கிற கம்பிவட ஊர்தியைச் சொல்வார்கள். அது ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரத்தில் அஃபர்வத் மலைத்தோளில் கொண்டுபோய் விடும். அங்கிருந்து சரிவில் இறங்குவது ஒரு ஆட்டம். அதற்குக் குதிகாலும் ஸ்கீயோடு இறுகப் பூட்டியிருக்க வேண்டும். இயந்திரம் பதித்த தடத்தில் மெல்லிய ஸ்கீயோடு ஓடுவது இன்னொரு ஆட்டம். 2010இல் வான்கூவர் ஒலிம்பிக்குக்குப் போன தாஷி லுண்டுப், 2014இல் சோச்சிக்குப் போன நதீம் இக்பால், 2018இல் பியோங்சாங்குக்குப் போன ஜக்தீஷ் சிங் எல்லாம் அந்த ஆட்டக்காரர்கள். நீ கேட்பது மூன்றாவது. லிஃப்டும் கிடையாது, தடமும் கிடையாது. 2,650 மீட்டரில் இருக்கிற குல்மார்க் புல்வெளியில் தொடங்கி, பைன் காட்டுக்குள் புகுந்து, கிலன்மார்க் பக்கம் மெல்ல ஏறி, அதே காலால் திரும்பி வருவது. ஔலியிலிருந்து கோர்சன் புக்யாலுக்குப் போவதும் இதே வகை. ஏற்றம், சமவெளி, இறக்கம் மூன்றையும் ஒரே சாமானோடு கடக்க வேண்டும். அதனால் எதிலும் முழுத்திறமை இல்லாத, எல்லாவற்றுக்கும் ஓரளவு ஈடுகொடுக்கிற சாமானைத்தான் தேடுகிறோம்.

இந்த மூன்றாவது ஆட்டத்தில்தான் பூட்ஸ் மற்ற இரண்டையும் முந்துகிறது. பாதி வழியில் ஸ்கீ உடைந்தால், முழங்கால் புதையப் புதைய நடந்தாவது ஊர் வந்து சேரலாம். பைண்டிங் கழன்றால் கம்பியும் கயிறும் வைத்துக் கட்டலாம். பூட்ஸ் கடித்துக் குதிகால் உரிந்தாலோ, விரல் மரத்துப்போனாலோ கட்டிச் சரிசெய்ய அங்கே எதுவும் இல்லை. அமுண்ட்சென் 1911 செப்டம்பரில் தென்துருவத்துக்கு அவசரப்பட்டுக் கிளம்பினார். குளிர் தாங்க முடியாமல் முகாமுக்குத் திரும்பியபோது அவருடைய ஆட்களில் மூன்று பேருக்குக் குதிகால் பனியில் கருகியிருந்தது. அத்தனைக்கும் பனியிலேயே பிறந்து வளர்ந்த நார்வேக்காரர்கள். விறைப்பான ஸ்கீ பூட்ஸைக் கிளம்பும் முன் குளிர்காலம் முழுக்கப் பிரித்துப் பிரித்துத் தைத்திருந்தார்கள். விறைப்பைக் குறைத்து, உள்ளே இடத்தைக் கூட்டியிருந்தார்கள். அக்டோபரில் மறுபடி கிளம்பி டிசம்பர் 14 அன்று துருவத்தில் நின்றார்கள். அவர்களுக்கே பூட்ஸ் அத்தனை வேலை வைத்தது என்றால், நாம் கடையில் போட்டுப் பார்த்த ஐந்து நிமிடத்தில் முடிவெடுப்பது நியாயமில்லை.

பூட்ஸ் வாங்குவதற்கு முதல் வேலை உன் காலை அளப்பது. காலையில் அளக்காதே. நம் ஊர் வெயிலில் நாள் முழுக்க நின்று நடந்த பிறகு கால் லேசாக வீங்கியிருக்கும். பனியில் பல மணி நேரம் நடந்தாலும் அப்படித்தான் ஆகும். ஆகவே சாயங்காலம், சுவரில் குதிகால் ஒட்ட ஒரு தாளின் மேல் முழு எடையையும் ஊன்றி நின்று, நீளத்தையும் முன்பாதத்தின் அகலத்தையும் மில்லிமீட்டரில் குறி. இரண்டு காலையும் அளந்து பெரியதை எடுத்துக்கொள்.

அகலத்தை ஏன் கேட்கிறேன் என்றால், செருப்பிலும் வெறுங்காலிலும் வளர்ந்த நம் பாதம் விரல் விரிந்து முன்பக்கம் அகன்றிருக்கும். ஐரோப்பிய அச்சில் செய்த பூட்ஸ் பலவும் அந்த இடத்தில் ஒடுக்கம். அகலம் போதவில்லை என்று நீளத்தில் ஒரு அளவு கூட்டி வாங்குவார்கள். அப்போது குதிகால் உள்ளே மேலும் கீழும் ஆடும், பூட்ஸ் மடங்குகிற இடமும் உன் பாதம் மடங்குகிற இடமும் ஒன்றாக விழாது. அகலமான அச்சில் செய்த மாதிரியைத் தேடுவதுதான் சரியான வழி. தோல் பூட்ஸ் என்றால் பழகப் பழகக் கொஞ்சம் இளகிக் கொடுக்கும். பிளாஸ்டிக் கூடு என்றால் சூடுபடுத்தி இழுத்துத் தருகிற கடைக்காரர் வேண்டும். அப்படிப்பட்ட கடை நம் பக்கம் கிடையாது. ஆகையால் உனக்குத் தோல், அல்லது தோலும் துணியும் கலந்தது.

போட்டுப் பார்க்கும்போது பனியில் போடப்போகிற அதே காலுறையோடு போடு. உள்ளே மெல்லிய உறை ஒன்று, மேலே கம்பளி உறை ஒன்று. பருத்தி உறை வேண்டவே வேண்டாம். வேர்வையைக் குடித்து ஈரமாகவே இருக்கும், அந்த ஈரம் காலின் சூட்டை உறிஞ்சிவிடும். விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்கட்டும். விரல்கள் உள்ளே தாராளமாக அசைய வேண்டும். இறுக்கம் ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். எத்தனை உறை போட்டாலும் அப்புறம் சூடு வராது. குதிகால் மட்டும் அசையக் கூடாது. முன்னங்காலில் எம்பி நின்று பார். குதிகால் பூட்ஸுக்குள் தூக்கினால் அந்த ஜோடி உனக்கில்லை.

அடுத்து, பூட்ஸை இரண்டு கையாலும் பிடித்துச் சோதி. விரல் மடங்குகிற இடத்தில் மடக்கிப் பார், இலகுவாக மடங்க வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு எட்டிலும் உந்த முடியும். பிறகு முனையையும் குதியையும் பிடித்துத் துணி பிழிகிற மாதிரி முறுக்கிப் பார், முறுகக் கூடாது. இறக்கத்தில் ஸ்கீயைத் திருப்புவது அந்த முறுகாத தன்மைதான். கணுக்காலுக்கு மேல் ஏறி நிற்கிற உயரம் வேண்டும். ஓட்டப்பந்தயக்காரர்கள் போடுகிற தாழ்ந்த பூட்ஸ் தடத்துக்குச் சரி, ஆழப் பனிக்கு ஆகாது.

வாங்கியதும் வீட்டிலேயே பழக்கு. கண்மாய்க் கரையில் போட்டு நடக்காதே. சரளையில் அடிப்பாகம் தேயும், பைண்டிங் பிடிக்கிற துளையில் மண் அடையும். ராத்திரியில், மொட்டைமாடியிலும் படிக்கட்டிலும் முதுகில் பையோடு ஏறி இறங்கு. எந்த இடம் சிவக்கிறது என்று உன் அருப்புக்கோட்டை வீட்டிலேயே தெரிந்துவிட்டால் நல்லது.

இனி பைண்டிங். உன் ஆட்டத்தில் முன்விரல் மட்டும் ஸ்கீயோடு பூட்டியிருக்கும், குதிகால் தூக்கி இறங்கும். நார்வேயின் டெலிமார்க் பகுதியைச் சேர்ந்த சோண்ட்ரே நோர்ஹைம், 1860களில், முறுக்கிய விளாரைக் குதிகாலைச் சுற்றிக் கட்டி, குதிகால் தூக்கவும் வேண்டும், ஸ்கீ கட்டுக்குள்ளும் இருக்க வேண்டும் என்ற சிக்கலை அவிழ்த்தார். குதிகால் தூக்குகிற பைண்டிங் எல்லாம் இன்று வரை அந்த ஒரே சிக்கலுக்கான விடைகள்தான்.

அதில் பழையதும் எளியதும் மூன்று முள் பைண்டிங். 1927இல் நார்வேக்காரர் ப்ரோர் வித் செய்த ரோட்டஃபெல்லா பைண்டிங்கின் வழியில் வந்தது. பூட்ஸின் முனை வாத்து அலகு போல நீண்டு தட்டையாக இருக்கும். அதன் அடியில் மூன்று துளை. ஸ்கீயில் இருக்கிற மூன்று முள்ளும் அதில் ஏற, மேலே ஒரு கம்பி அழுத்திப் பிடிக்கும். முள் வரிசையில் பூட்ஸின் அகலம் 75 மி.மீ.; அந்த எண்ணைச் சொல்லித்தான் கடையில் கேட்பார்கள். ஆடுகிற பாகம் குறைவு, எதையும் கையால் சரிசெய்யலாம். இறக்கம் அதிகமுள்ள வழிக்குக் குதிகாலைச் சுற்றிக் கேபிள் சேர்க்கிற வகையும் உண்டு. குறை என்றால், நாளடைவில் அந்தத் துளைகள் தேய்ந்து பெரிதாகும். துளைக்குள் பனி இறுகினால் கத்தி முனையால் குத்தி எடுக்க வேண்டும்.

இன்னொன்று என்.என்.என். பி.சி. பூட்ஸின் முனைக்கடியில் ஒரு எஃகுக் கம்பி இருக்கும், பைண்டிங் அதைக் கவ்விக்கொள்ளும். முன்னே ஒரு ரப்பர் கட்டை, தூக்கிய ஸ்கீயைத் திரும்பக் காலடிக்குக் கொண்டுவரும். மாட்டுவதும் கழற்றுவதும் சுலபம், சமவெளியில் எட்டு சுகமாக வரும். கவ்வுகிற இடத்தில் ஈரப் பனி உறைந்துவிட்டால் மாட்டவும் முடியாது, கழற்றவும் முடியாது. அது இதன் தொல்லை. பெயரில் பி.சி. இல்லாத சாதாரண என்.என்.என். பூட்ஸ் இதில் பொருந்தாது, கம்பியின் தடிமன் வேறு. பழைய சாமான் வாங்குகிறவர்கள் அதிகம் ஏமாறுகிற இடம் இதுதான். எக்ஸ்ப்ளோர் என்று புதிதாக ஒன்றும் வந்திருக்கிறது, நல்லதுதான். ஆனால் அதற்கான பூட்ஸ் சில கம்பெனிகளே செய்கின்றன.

குல்மார்க் வாடகைக் கடைகளில் நீ பெரும்பாலும் பார்க்கப்போவது இரண்டுமில்லை. சரிவில் இறங்குகிறவர்களுக்கான கனத்த பைண்டிங்கோ, ஆஸ்திரியாக்காரர் ஃப்ரிட்ஸ் பார்த்தெல் 1980களில் உருவாக்கிய ஊசி முனைப் பைண்டிங்கோ இருக்கும். பின்னது ஏறும்போது குதிகாலை விட்டுவிடும், இறங்கும்போது பூட்டிக்கொள்ளும். செங்குத்து மலைக்கு அருமையான சாமான். நீ போகிற மேட்டு வெளிக்கு அதன் விறைத்த பூட்ஸ் பாரம்.

உனக்கு நான் சொல்வது மூன்று முள். காரணம் பழமைப் பற்று இல்லை. நம் நாட்டில் கிராஸ்கன்ட்ரி சாமானுக்கு உதிரிபாகம் தேடி அலைய வேண்டியிருக்கும். அப்படி இருக்கும்போது கையால் பழுதுபார்க்கக்கூடியதே உத்தமம். எதை எடுத்தாலும் பூட்ஸும் பைண்டிங்கும் ஒரே வகையா என்று மாட்டிப் பார்த்தே வாங்கு. பையில் மூன்றாம் எண் போசிட்ரைவ் திருப்புளி ஒன்று, இரண்டு உபரித் திருகாணி, கொஞ்சம் மெல்லிய கம்பி, அகலமான ஒட்டுநாடா இருக்கட்டும். பைண்டிங் திருகாணிக்குச் சாதாரண நட்சத்திரத் திருப்புளி சரியாக உட்காராது, தலையை வழித்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. சரிவு ஸ்கீயில் விழுந்தால் பைண்டிங் தானே கழன்று காலைக் காப்பாற்றும். இந்த வகைகள் அப்படிக் கழலும் என்று நம்பாதே. விழும்போது ஸ்கீயும் உன்னோடு முறுகும், அந்த முறுக்கை முழங்கால்தான் வாங்கும். ஆகவே வேகத்தை அடக்கு. இறக்கத்தில் நேராகப் போகாமல் குறுக்கும் நெடுக்குமாக வா.

பூட்ஸும் பைண்டிங்கும் முடிவானால் ஸ்கீயைத் தேர்வது பாதி முடிந்த மாதிரி. முதலில் அதன் வளைவைப் புரிந்துகொள். தரையில் வைத்தால் ஸ்கீயின் நடுப்பகுதி மேலெழும்பி நிற்கும். வில்வண்டியில் ஆள் ஏறியதும் வில் தாழ்ந்து, இறங்கியதும் எழும்புமே, அதே வேலையை இந்த வளைவு செய்கிறது. இரண்டு காலிலும் எடை பகிர்ந்து சறுக்கும்போது நடுப்பகுதி பனியைத் தொடாமல் இருக்க வேண்டும். ஒரு காலில் முழு எடையையும் போட்டு உந்தும்போது தாழ்ந்து பனியைப் பிடிக்க வேண்டும். அந்தப் பிடி இல்லாவிட்டால் ஏற்றத்தில் கால் பின்னுக்கே வழுக்கும்.

இதைக் கடையிலேயே சோதிக்கலாம். சமமான தரையில் இரண்டு ஸ்கீயிலும் ஏறி நில். பாதத்துக்குக் கீழே ஒருவர் தாளை நுழைத்து இழுத்தால் தாள் நகர வேண்டும். எடை முழுவதையும் அந்தக் காலுக்கு மாற்று. இப்போது தாள் சிக்கிக்கொள்ள வேண்டும். முதலில் நகரவே இல்லை என்றால் ஸ்கீ உனக்கு மெத்து. இரண்டாவதிலும் நகர்ந்தால் விறைப்பு. சோதிக்கும்போது முதுகுப் பையையும் மாட்டிக்கொள். நீளத்தையும் இப்படி எடையை வைத்தே முடிவுசெய். கையைத் தூக்கி மணிக்கட்டு வரை அளக்கிற பழைய முறை உயரத்தை மட்டும் பார்க்கும். உயரமாக, ஒல்லியாக இருக்கிற உனக்கு அது நீளமான, விறைத்த ஸ்கீயைக் கொடுத்துவிடும். ஒவ்வொரு கம்பெனியும் எடைக்கு ஒரு அட்டவணை வைத்திருக்கிறது, அதில் பையின் எடையையும் சேர்த்துப் பார்.

அகலத்துக்கு வருவோம். பந்தய ஸ்கீ ஏறத்தாழ 44 மி.மீ. அகலம்தான், புதுப்பனியில் புதைந்துபோகும். முன்பக்கம் 85 முதல் 100 மி.மீ., நடுவில் 62 முதல் 70 மி.மீ. இருப்பது உன் வழிக்குப் பொருந்தும். முன்பக்கம் அகன்று நடு ஒடுங்கியிருப்பதால் திருப்பத்துக்கும் உதவும். விளிம்பில் எஃகு ஓடியிருக்க வேண்டும். பகலில் உருகி ராத்திரியில் இறுகிய பனியில் காலை நேரம் குறுக்கே நடக்கும்போது உன்னைப் பிடித்து நிறுத்துவது அந்த விளிம்புதான்.

அடிப்பாகம் இரண்டு வகை. ஒன்று வழுவழுப்பானது, அன்றன்றைய பனிக்கேற்ற மெழுகைத் தேய்க்க வேண்டும். பழகியவர்களுக்கு அதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் பனி உறைநிலையை ஒட்டி இருக்கும்போது எந்த மெழுகு பிடிக்கும் என்று சொல்வது கைதேர்ந்தவர்களுக்கே கஷ்டம். காலையில் ஒரு பனி, மத்தியானம் வேறு பனி. மற்றது, நடுப்பகுதியில் மீன் செதில் வெட்டியது. பிடிக்கு மெழுகு வேண்டாம். கொஞ்சம் சத்தம் போடும், சறுக்கலும் சற்றுக் குறைவு. முதல் ஜோடிக்கு இதையே எடு. செங்குத்தான ஏற்றத்துக்கு ஸ்கின் என்கிற பட்டையை அடியில் ஒட்டிக்கொள்ளலாம். அதன் மயிர் ஒரு திசையில் படிந்தும் மறுதிசையில் எதிர்த்தும் நிற்பதால் முன்னே வழுக்கும், பின்னே வழுக்காது.

உன் படத்தில் இருக்கிற அந்த நீல ஸ்கீ, அகலத்தைப் பார்த்தால் தடத்தில் ஓடுவதற்கானது. அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

திரும்பி வந்த பிறகு பராமரிப்பு. இந்தச் சாமான் எல்லாம் குளிர் நாட்டுக்குச் செய்தவை. நம் ஊர் சித்திரை வெயில் அவற்றுக்குத் தெரியாது. தகரக் கொட்டகையிலோ மச்சுப் பரணிலோ போட்டுவிடாதே. ஸ்கின்னில் இருக்கிற பசை சூட்டில் இளகிப் பிசுபிசுத்து உதவாமல் போகும். பசைப் பக்கம் வலைத்துணி வைத்து மடித்து வீட்டில் குளிர்ந்த அறையில் வை. பாலியூரித்தேன் அடி வைத்த பூட்ஸ் சூட்டிலும் ஈரப்பதத்திலும் பல வருஷம் கிடந்தால், போடாமலே பொடிந்துவிடும். பழைய பூட்ஸ் வாங்கினால் அடியை விரலால் அழுத்தி, உதிர்கிறதா என்று பார்த்து வாங்கு. அங்கே காஷ்மீரில் வேறொரு ஆபத்து. நனைந்த பூட்ஸை விறகு எரிகிற புகாரி அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்வார்கள். தோல் காய்ந்து வெடிக்கும், ஒட்டு விட்டுப்போகும். உள்ளே செய்தித்தாளைத் திணித்துத் தள்ளி வை. தாள் நனைந்ததும் மாற்று.

ஒரு விஷயம், சுருக்கமாக. 2023 பிப்ரவரியில் அஃபர்வத்தில் பனிச்சரிவில் போலந்துக்காரர்கள் இரண்டு பேரும், 2024 பிப்ரவரியில் கிலன்மார்க்கில் ரஷ்யாக்காரர் ஒருவரும் இறந்தார்கள். எந்த பூட்ஸும் எந்த ஸ்கீயும் பனிச்சரிவைத் தடுக்காது. சரிவுக்கு அடியில் போகிற எந்த வழிக்கும் உள்ளூர் வழிகாட்டியோடு போ. பனியில் புதைந்தவரைத் தேட எல்லோரிடமும் சமிக்ஞைக் கருவியும் மண்வெட்டியும் துழாவுகோலும் இருக்க வேண்டும். பயிற்சியில் இதைச் சொல்லிக் கொடுக்கிற நாளைத் தவறவிடாதே.

பணத்தைப் பற்றியும் கேட்டிருந்தாய். மூன்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. பயிற்சி நாட்களுக்கு அவர்கள் கொடுப்பதையே போடு. அங்கே பலருடைய பூட்ஸை மாட்டிப் பார், யாருடைய ஸ்கீயாவது கிடைத்தால் அரைமணி நேரம் ஓட்டிப் பார். சொந்தப் பணத்தில் முதலில் பூட்ஸும் நல்ல கம்பளி உறையும் வாங்கு. நூறு ரூபாய் இருந்தால் அறுபதை அதற்கு ஒதுக்கத் தயங்காதே. பைண்டிங்கும் ஸ்கீயும் பழையதாக இருந்தால்கூடப் போதும். விளிம்பு துருவேறாமல், அடி பிளக்காமல், பழைய திருகாணித் துளைகள் ஒன்றுக்கொன்று நெருங்காமல் இருக்கிறதா என்று மட்டும் பார். இன்னொருவர் காலுக்குப் பழகிய பூட்ஸை மட்டும், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், கால் அளவு சரியாகப் பொருந்தாமல் வாங்காதே.

இந்த வாரத்துக்குள் மூன்று அளவை எழுதி அனுப்பு: சாயங்காலம் அளந்த பாத நீளம், முன்பாதத்தின் அகலம், முதுகுப் பையோடு உன் எடை. அவற்றை வைத்து எந்த எந்த மாதிரி பூட்ஸ் உனக்கு ஆகும் என்று பார்த்து எழுதுகிறேன். ஸ்கீயின் பேச்சை மார்ச்சில் வைத்துக்கொள்வோம்.

அன்புடன்,
மாமா